ஈரக்காற்று நாட்டுக்குக் குடிபெயர்வு: எதை எடுப்பது, எதை விடுவது?

வழிப்போக்கன்:
வறண்ட, குளிரான ஊரிலிருந்து வெப்பமண்டல நாடு ஒன்றுக்குக் குடும்பத்தோடு மாறுகிறோம். வருடம் முழுக்கப் புழுக்கம், பாதி வருடம் மழை. நான்கு பேர், ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி. அதற்கு மேல் கொஞ்சம் சாமான் கப்பலில் போகும். துணியில் குழப்பமில்லை. சந்தேகம் இவற்றில்தான்: ஷூக்கள், தோல் ஜாக்கெட், இரண்டு பெட்டி புத்தகம், கேமரா, லென்ஸ்கள், மிக்ஸி, ஹேர் டிரையர் (இங்கே 120 வோல்ட், அங்கே 230), அம்மாவின் இன்சுலின். எதை வைத்து முடிவெடுப்பது?

தாழம்பூ:
வெயிலை விடுங்கள், ஈரப்பதத்தை வைத்து முடிவெடுங்கள். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் தோல், பருத்தி, காகிதம், மரம் எதிலும் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக் கேளுங்கள்: மூடிய அலமாரியில் மூன்று மாதம் தொடாமல் கிடந்தால் இது என்ன ஆகும்?

ஷூவில் மேல்தோலைவிட அடிப்பாகம்தான் முக்கியம். பாலியூரித்தேன் சோல் என்றால் காற்றின் ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கின் பிணைப்புகளையே உடைத்துவிடும். வெப்பம் அதை வேகப்படுத்தும். முதலில் விளிம்பில் மெல்லிய வெடிப்பு, பிறகு நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும், ஒருநாள் நடக்கும்போதே துண்டு துண்டாக உதிரும். போடாமல் டப்பாவில் வைத்த புது ஷூவுக்கும் இதே கதி, அதனால் "நல்லதைப் பத்திரமாக எடுத்து வைப்போம்" என்பது இங்கே செல்லாது. ரப்பர் சோல், ஈ.வி.ஏ. (இலேசான நுரை போன்ற பிளாஸ்டிக்) சோல் இரண்டுக்கும் இந்த நோய் இல்லை, அவற்றை எடுங்கள். மழைக்கோட்டு, முதுகுப்பை உள்பக்கத்தில் பாலியூரித்தேன் பூச்சு இருந்தால் அதுவும் பிசுபிசுத்து உரியும்.

தோல் ஜாக்கெட்டை விட்டுவிடுங்கள். போடும் நாளே வராது, மாட்டி வைத்தால் பூஞ்சைதான்.

கேமராவுக்குக் காற்றுப்புகாத டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி மூன்றும் வேண்டும். உள்ளே 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். ஆரஞ்சு நிற ஜெல் ஈரம் குடித்துப் பச்சையாகும். 110 முதல் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சுக்கு வரும். தோல் உறையில் லென்ஸை வைக்கவே கூடாது. கண்ணாடியில் சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் அது பூஞ்சை. முற்றினால் மேல்பூச்சையே அரித்துவிடும், துடைத்தால் போகாது. ஏ.சி. அறையிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது அரை மணி நேரம் மூடிய பைக்குள்ளேயே விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடியில் நீர் பூக்கும்.

மின்கம்பி:
ஒவ்வொரு சாதனத்தின் அடியிலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்றிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். லேப்டாப், ஃபோன், கேமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான். மிக்ஸியில் 120 மட்டும் இருந்தால் 230இல் செருகிய உடனே கருகிவிடும். 1500 வாட் ஹேர் டிரையருக்கு 2000 வாட் டிரான்ஸ்ஃபார்மராவது வேண்டும். அதன் எடை டிரையரைப்போலப் பல மடங்கு. இரண்டையும் அங்கே போய் வாங்குங்கள்.

ஒன்று பலருக்கும் தெரிவதில்லை: டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை சுற்று என்பதை) மாற்றாது. 60க்குச் செய்த டேபிள் ஃபேன் 50இல் மெதுவாகச் சுற்றும். ஃபிரிட்ஜ் மோட்டார் சூடேறும். கையடக்கமான மலிவு கன்வெர்ட்டர்கள் சூடாக்கும் சாதனங்களுக்கு மட்டுமே. எலக்ட்ரானிக்ஸைச் செருகினால் கெடும்.

பவர் பேங்க் கைப்பையில்தான். வரம்பு 100 வாட்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்பது 3.7 வோல்ட்டில் 74தான், பிரச்சினையில்லை.

மருந்துப்பெட்டி:
இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். சரக்கு அறையில் உறைந்துவிடலாம், ஒருமுறை உறைந்தது உருகினாலும் பயன்படாது. கைப்பையில், குளிர்பையில், ஐஸ் பேக் நேராகத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள். திறக்காதது 2 முதல் 8 டிகிரியில். பயன்பாட்டில் உள்ளதற்கு எத்தனை நாள், எத்தனை டிகிரி என்பது உறைத்தாளில் இருக்கும். பல வகைகளுக்கு 28 நாள், 30 டிகிரிக்குள். அங்கே அறையே அதைத் தாண்டும். நீரில் நனைத்துக் குளிரவைக்கும் பைகளை நம்ப வேண்டாம், அவை நீர் ஆவியாவதால்தான் குளிரும். ஈரக்காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது. ஃபிரிட்ஜ்தான் வழி.

எல்லா மருந்தும் அசல் அட்டையோடு, பொதுப்பெயர் எழுதிய மருந்துச்சீட்டோடு போகட்டும். கோடீன், டிரமடால் போன்ற வலிமருந்துகள், கவனக்குறைபாட்டு மருந்துகள் பல நாடுகளில் தடைக்குட்பட்டவை; தூதரகத்தில் முன்பே கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று தேவையா என்றும் பாருங்கள். போட்டு 10 நாள் கழித்தே அது செல்லும். 2016 முதல் ஆயுளுக்கும் செல்லும்.

தாழம்பூ:
புத்தகம் விட்டுப்போயிற்று. மறுபடி வாங்க முடியாதவற்றை மட்டும் எடுங்கள். கன்டெய்னரில் பகல் சூடு, இரவுக் குளிரில் கூரையில் நீர் கோத்துச் சொட்டும். அட்டைப்பெட்டி ஊறிக் குழையும். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்குங்கள். உங்கள் ஊர்க் காற்று வறண்டது என்பதால் கிளம்பும் முன்பே சில நாள் திறந்து வைத்துப் பிறகு மூடினால் உள்ளே அடைபடும் ஈரம் குறையும். கால்சியம் குளோரைடு பைகள் உறிஞ்சிய ஈரத்தை நீராகச் சேர்ப்பவை, ஆகவே அவற்றைப் புத்தகத்தின்மேல் வைக்காதீர்கள். அங்கே போனதும் அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

வழிப்போக்கன்:
மிக்க நன்றி. காற்றை உறிஞ்சும் வாக்யூம் பைகள் உதவுமா?

மின்கம்பி:
இடம் குறையும், எடை குறையாது. விமானப் பெட்டிக்கு 23 கிலோதான் கணக்கு. கப்பலில் போகும் போர்வைக்கு நல்லது, துணி முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும். ஜீன்ஸைக் குறையுங்கள், மழை மாதங்களில் காய இரண்டு நாள் ஆகும்.