225 ரூபாய்க்குக் கணக்குப் பார்த்த ஊராம் நம்ம ஊரு!

ஆத்தங்குடிக்கல்:
நேத்து வேற ஒரு குழுவுல ஒரு மதுரைக்காரர் எழுதியிருக்கார்: "செட்டிநாட்டுல கொரோனா பூஸ்டர் ஊசிக்கு ஆளே வரலை, 225 ரூபாய்க்குக் கணக்குப் பார்த்த ஊரு." படிச்சதுல இருந்து எனக்கு ஆத்திரம் தாங்கலை. கல்யாணப் பொண்ணுக்குச் சீர்ச் சாமான் பரப்ப வீட்டு உள்முற்றமான வளவு ஒண்ணு பத்தாத ஊரு, ஊசிக்குக் கணக்குப் பார்த்துச்சாமா? எங்க ஆயா ரங்கூன்ல இருந்து கப்பல் ஏறினப்பவே கையில அம்மை குத்தின தழும்போட வந்தவங்க.

தேவகோட்டை ரஸ்தா:
225 இல்லை. 2022 ஏப்ரல்ல 386 ரூபாய் 25 காசு. ஊசி 225, அதுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. 11.25, போட்டுவிடுற கூலி 150. கூட்டிப் பாருங்க.

ஆத்தங்குடிக்கல்:
அண்ணே, அவர் நம்மளைக் கஞ்சன்ங்கிறார். நீங்க அவருக்குக் கணக்குத் திருத்திக் கொடுக்கிறீங்க.

தேவகோட்டை ரஸ்தா:
குற்றச்சாட்டே தொகையைப் பத்தினது தம்பி. 18 வயசு தாண்டின அஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்கு 1,931 ரூபாய் 25 காசு. 225ன்னு எழுதுறவருக்கு ஊசியும் தெரியாது, ஊரும் தெரியாது.

புதுவயல் மாப்பிள்ளை:
150ங்கிறது உச்சவரம்பு. அதுக்கு மேல வாங்கக்கூடாதுன்னுதான் அரசாங்கம் சொன்னது, அவ்வளவும் வாங்கியே ஆகணும்னு சொல்லலை. ஊசி விலை 225தான். மதுரைக்காரர் எழுதினது சரி.

தேவகோட்டை ரஸ்தா:
உச்சவரம்புக்குக் கீழ வாங்கின ஆஸ்பத்திரி ஒண்ணைக் காட்டுங்க மாப்பிள்ளை, உங்க வீட்டு வாசல்ல வந்து கும்பிடுறேன். என் பில்லு பீரோவுல இருக்கு. 386.25.

கண்டனூர் டீச்சர்:
நான் முகாம்ல உட்கார்ந்து பேர் எழுதினவ. 2021 செப்டம்பர்ல மெகா முகாம் ஆரம்பிச்சப்ப கூட்டத்தைச் சமாளிக்க முடியலை. 2022 ஏப்ரல் 10 அன்னைக்கு 18 வயசுக்கு மேல எல்லாரும் பூஸ்டர் போடலாம்னாங்க, ஆனா 60க்குக் கீழ இருக்கிற பொதுஜனங்களுக்குத் தனியார்ல மட்டும். சரி, காசுன்னு வைங்க. ஜூலை 15ல இருந்து 75 நாள் அரசு மையத்துல இலவசம். ரெண்டாவது டோஸ் போட்டு 9 மாசம் ஆகணும்ங்கிறதையும் 6 மாசமாக் குறைச்சாச்சு. அப்பவும் நாங்க காலி நாற்காலியைப் பார்த்துக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம். அப்ப காசு இல்லை, தயக்கம்தான். அது எந்தத் தயக்கம்? ஊசி பயமா, இல்லை "ஒமைக்ரான் வந்து மூணு நாள் காய்ச்சலோட போயிடுச்சு, இனி எதுக்கு"ங்கிற நினைப்பா?

தேவகோட்டை ரஸ்தா:
டீச்சர், இலவசம் ஜூலையில. நான் பேசுறது ஏப்ரல். ஏப்ரல்ல 386.25.

பள்ளத்தூரான்:
ரெண்டு பேருமே முழுசாச் சொல்லலை. கோவிஷீல்டை 600ல இருந்தும் கோவாக்சினை 1,200ல இருந்தும் 225க்கு இறக்கினதே ஏப்ரல் 9ல, ஊசி தொடங்குறதுக்கு முந்தின நாள்தான். சனம் பாதிப் பேருக்கு பழைய விலைதான் மனசுல நின்னுச்சு.

தேவகோட்டை ரஸ்தா:
இறக்கின பிறகுதான் 386.25. நன்றி.

கோவிலூர் வண்டி:
போடாதவன் புத்திசாலி. 2024ல கோவிஷீல்டை உருவாக்கின அஸ்ட்ராஜெனெகா கம்பெனியே லண்டன் கோர்ட்டுல ஒத்துக்கிச்சு. நடிகர் விவேக் கதை மறந்துபோச்சா?

கண்டனூர் டீச்சர்:
ஒத்துக்கிட்டது என்னன்னு படிச்சீங்களா? ரத்தம் உறைஞ்சு தட்டணு குறையுற கோளாறு, மிக அரிதா வரலாம்னு. 2021லயே தெரிஞ்ச சேதி, அதுவும் பெரும்பாலும் முதல் டோஸுக்கு அப்புறம் வந்தது. பூஸ்டருக்கு அதைக் காரணம் சொல்லாதீங்க. விவேக் மரணத்தை ஒன்றிய அரசு குழு ஆராய்ஞ்சு, ஊசிக்குச் சம்பந்தமில்லைன்னு சொல்லியாச்சு.

கோவிலூர் வண்டி:
குழு யாரோடது? அரசாங்கத்தோடது. ஊசி யாரோடது?

கண்டனூர் டீச்சர்:
நீங்க முதல் ரெண்டு ஊசியும் போட்டுக்கிட்டுத்தானே சிங்கப்பூர் போயிட்டு வந்தீங்க? சான்றிதழை இந்தக் குழுவுலதான் பெருமையாப் போட்டீங்க.

கோவிலூர் வண்டி:
அது விமானத்துக்காக. உடம்புக்காக இல்லை.

ஆத்தங்குடிக்கல்:
கேட்டதென்ன, நடக்கிறதென்ன!

புதுவயல் மாப்பிள்ளை:
ரஸ்தா அண்ணன் இருக்கிற இடத்துல வேற என்ன நடக்கும்? போன மாசம் கவுனி அரிசி எத்தனை மணி நேரம் ஊறணும்னு ஒரு வாரம் சண்டை போட்டவர். காரைக்குடிக்காரங்க எது சொன்னாலும் தேவகோட்டைக்கு ஆகாது.

தேவகோட்டை ரஸ்தா:
ராத்திரி முழுக்க ஊறணும். அன்னைக்குச் சொன்னதுதான் இன்னைக்கும். ரெண்டு மணி நேரம் போதும்னு சொன்ன உங்க வீட்டுக் கவுனியைச் சாப்பிட்டவங்களுக்குத்தான் பல்லு வலி தெரியும்.

பள்ளத்தூரான்:
குக்கர்ல வைச்சா நாலு மணி நேரம் போதும்.

தேவகோட்டை ரஸ்தா:
குக்கர்ல வைக்கிறவரோட நான் பேசுறதா இல்லை.

கண்டனூர் டீச்சர்:
அடுத்த தடவை ஏதாவது ஊசி வந்தா யாரெல்லாம் போடுவீங்க? இதுக்காவது நேராப் பதில் சொல்லுங்க.

கோவிலூர் வண்டி:
நான் மாட்டேன்.

புதுவயல் மாப்பிள்ளை:
இலவசம்னா பார்க்கலாம்.

ஆத்தங்குடிக்கல்:
மாப்பிள்ளை!! மதுரைக்காரர் கண்ணுல இது பட்டா நம்ம மானம் என்ன ஆகுறது? அழிங்க முதல்ல.

புதுவயல் மாப்பிள்ளை:
ஏன் அழிக்கணும்? 225 என் காசு.

தேவகோட்டை ரஸ்தா:
386.25. பில்லைப் போட்டோ எடுத்துப் போடுறேன். பீரோ சாவி அப்பத்தாகிட்ட இருக்கு, தூங்குறாங்க.

புதுவயல் மாப்பிள்ளை:
போன சண்டையிலயும் சாவி அப்பத்தாகிட்டதான் இருந்துச்சு.

தேவகோட்டை ரஸ்தா:
அப்பத்தாவை இழுக்காதீங்க மாப்பிள்ளை. சொல்லிட்டேன்.