புதுப்பிப்பு: மதியம் 2.45 வரை டிரேடிங் பாட் ஆர்டரே போடாத சிக்கல் தீர்ந்தது

போன வாரம் கேட்டிருந்தேனே, கல்லூரி மாணவிகளுக்கான வர்ச்சுவல் டிரேடிங் (நிஜப் பணம் இல்லாத பங்கு வர்த்தகம்) கோடிங் போட்டியில் எங்கள் பைத்தான் பாட் (தானாகவே பங்கு ஆர்டர் போடும் புரோகிராம்) காலையெல்லாம் சும்மா இருந்துவிட்டு மதியம் 2.45க்குத்தான் ஆர்டர் போடுகிறது என்று, அது சரியாகிவிட்டது. பதில் சொன்ன எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

பாட் ஓடும் சர்வரின் மணியை பிரிண்ட் செய்து பார்க்கச் சொன்னார் ஒரு அக்கா, அதில்தான் பிடிபட்டது. சர்வர் ஓடியது யுடிசி நேரத்தில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில். நாங்களோ சந்தை திறக்கும் 9.15ஐ அப்படியே எழுதியிருந்தோம், அங்கே 9.15 ஆகும்போது சேலத்தில் 2.45, சந்தை மூட முக்கால் மணி நேரம்தான் மிச்சம். நேர மண்டலத்தை ஏஷியா/கொல்கத்தா என்று மாற்றினோம். மறுநாள் அஸ்தம்பட்டியில் தோழி வீட்டில் மூன்று பேரும் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருக்க, 9.15க்கே முதல் ஆர்டர் போனது.

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது. பழைய விலைகளில் ஓட்டினால் லாபம் காட்டிய அதே உத்தி போட்டியில் நஷ்டம். அன்றைய முடிவு விலையைப் பார்த்து அன்றைக்கே, அதே விலையில் வாங்குவதாக எழுதியிருந்தோம், அந்த விலையோ 3.30க்குப் பிறகுதான் தெரியும். பாண்டாஸில் (பைத்தானின் தரவு லைப்ரரி) எப்போது வாங்குவது என்று சொல்லும் சிக்னல் வரிசைக்கு ஷிஃப்ட்(1) போட்டு ஒரு நாள் தள்ளியதும் அந்தப் பொய் லாபம் காணாமல் போனது. கண்டுபிடித்தது ஏற்காட்டுத் தோழி, மழையில் கரண்ட் போனபோது நோட்டில் கையால் கணக்குப் போட்டு. இப்போது உத்தியை முதலிலிருந்து எழுதுகிறோம்.