சோம்புத் தட்டில் வைத்த காசு

கலா சித்தி: நேற்று ஐந்து ரோடு பக்கம் மளிகை வாங்கினேன். பில் போடும் பெண், "குழந்தைகளுக்கு 5 ரூபாய் டொனேஷன் சேர்த்துக்கட்டுங்களாம்மா?" என்றாள். பின்னால் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள், சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் பில்லில் "டொனேஷன் 5.00", அவ்வளவுதான். எந்தக் குழந்தைகள், எந்த டிரஸ்ட், ஒன்றும் இல்லை. மனசே கேட்கவில்லை.

மீனா: என்னிடமும் கேட்டார்கள் சித்தி. வேண்டாம் என்றதும் வரிசையே என்னைப் பார்த்தது.

செந்தில்: டிரஸ்ட் பெயரைக் கேளுங்க சித்தி. சொல்லத் தெரியாவிட்டால் வேண்டாம் என்பதில் தப்பே இல்லை. நேராக ஒரு குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுத்தால் நம் பெயரில் ரசீது வரும். நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை தரும் பதிவு அந்த இல்லத்துக்கு இருந்தால், பழைய வரி முறையில் இருப்பவர்கள் வரிக் கழிவும் கேட்கலாம். 2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும் அது கிடையாது.

கலா சித்தி: அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லைப்பா. மேலே இருப்பவர்கள் கேட்கச் சொல்லியிருப்பார்கள்.

ரவி மாமா: போன மாதம் ஏற்காட்டில் சாப்பிட்டோம். பில்லில் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் தானாக ஏறியிருந்தது. உனக்கு வருமா தம்பி என்று பரிமாறிய பையனையே கேட்டேன். "எங்க கைக்கு வரலைங்க" என்றான். அவனுக்குத் தனியாக 50 கொடுத்தேன்.

செந்தில்: அப்படிப் போடவே கூடாது மாமா. 2022 ஜூலையிலேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. ஓட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் ஆணையத்தின் பக்கம்தான் நின்றது. எடுக்கச் சொல்லுங்க. மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்க. ஜிஎஸ்டி வேறு, அதைக் கட்டியாக வேண்டும்.

பெரியப்பா: 1983ல் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெஸ்ஸில் நான் சர்வர். பில் வைக்கிற தட்டில் சோம்பும் சர்க்கரையும் இருக்கும். சோம்பை அள்ளிக்கொண்டு நாலணா, எட்டணா வைத்துவிட்டுப் போவார்கள். காசில் சர்க்கரை ஒட்டி விரலெல்லாம் பிசுபிசுக்கும். ராத்திரி கடை சாத்தியதும் கொட்டி எண்ணுவோம். இலை எடுக்கிற ஆயாவுக்கும் மாவாட்டுகிறவருக்கும் பங்கு உண்டு. முதலாளி ஒரு நாளும் அதில் கை வைத்ததில்லை. உங்க பெரியம்மாவுக்குத் தலைதீபாவளிச் சேலை அந்தக் காசில்தான் எடுத்தேன். பரிமாறுகிறவன் காசை அவன் கையில் கொடுங்கப்பா.

மீனா: இப்போது எல்லாம் ஜிபே பெரியப்பா, பர்ஸில் சில்லறையே இருப்பதில்லை. அப்புறம், சிலிண்டர் போடுகிறவர்? வீட்டுக்குக் கொண்டுவருகிற காசும் விலையிலேயே சேர்ந்திருக்கிறது. ஆனாலும் 50 கொடுத்தால்தான் போவேன் என்று நிற்கிறார்.

ரவி மாமா: பில் தொகைதான் தருவேன் என்று சொல்லிவிடு. கட்டாயப்படுத்துவது தப்பு.

கலா சித்தி: தப்புதான். ஆனால் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கிட்டத்தட்ட 30 கிலோவைத் தோளில் தூக்கி வருகிறார். இறக்கி வைத்ததும் இரண்டு நிமிஷம் பேச்சே வராது. அவர் கேட்காவிட்டாலும் 40 ரூபாயும் ஒரு சொம்பு மோரும் கொடுப்பேன்.

பெரியப்பா: செந்தில், நாளைக்கு பேங்க்கில் 20 ரூபாய் நோட்டாகக் கொஞ்சம் மாற்றி வா. ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

செந்தில்: சரிங்க பெரியப்பா. 1,000 ரூபாய்க்குப் போதுமா?

பெரியப்பா: 2,000. பாத்திரம் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள்.