தாத்தா கல்லறையில் ‘ரெக்வியெம்’ என்று இருக்கிறது, என்ன அர்த்தம்?

எலத்தகிரிப் பேரன்:
கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஊருக்குப் போயிருந்தேன். தாத்தா கல்லில் பாசியைச் சுரண்டினால், பேருக்கு மேலே ‘ரெக்வியெம் ஏத்தெர்னாம்’ என்று லத்தீன், கீழே ஆர்.ஐ.பி. போன மாசம் பாட்டியையும் அதே கல்லறையில்தான் வைத்தோம். கிருஷ்ணகிரியில் புதுக் கல்லுக்குச் சொல்லியாயிற்று. பட்டறைக்காரர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுகிறார். ஆர்.ஐ.பி. இங்கிலீஷ், எடுத்துவிடு என்கிறார் சித்தப்பா. ரெக்வியெம் என்றால் இறந்தோர் பூசைதானே, அதை ஏன் கல்லில் வெட்டினார்கள்?

பழைய பாட்டுக்காரர், தருமபுரி:
தம்பி, சாவு வீட்டில் நீங்களே நூறு தடவை சொல்லியிருப்பீர்கள். ‘நித்திய இளைப்பாற்றியை’ என்று தொடங்குவோமே, அதேதான். ‘ரெக்வியேஸ்’ என்றால் இளைப்பாற்றி. ‘தாரும்’ என்று கேட்கும்போது நாம் ‘ஐ’ சேர்க்கிறோம் அல்லவா, லத்தீனில் சொல்லின் வால் மாறி ‘ரெக்வியெம்’ ஆகும். அந்தப் பூசையின் வருகைப் பாட்டுக்கு அதுதான் முதல் சொல். அதனால் பூசைக்கே அந்தப் பேர். தமிழில் அப்படியே வைத்தால் ‘இளைப்பாற்றியைப் பூசை’!

வரியின் வேர் எஸ்திராவின் நான்காம் நூல், 2ஆம் அதிகாரம், 34, 35. நம் பைபிளில் தேடாதீர்கள், கிடைக்காது. பழைய லத்தீன் பைபிளின் பின்னிணைப்பில் கிடந்த நூல் அது. ஆனால் மத்தேயு 11:29ஐ லத்தீனில் பார்த்தால் இதே ‘ரெக்வியெம்’ இருக்கும்.

ஆர்.ஐ.பி.யும் லத்தீன்தான்: ‘ரெக்வியேஸ்காத் இன் பாச்சே’, சமாதானத்தில் இளைப்பாறுவாராக. இரண்டு பேர் என்றால் ‘ரெக்வியேஸ்காந்த்’. முதலெழுத்து மாறாது, பாட்டிக்கும் சேர்த்து அதுவே போதும். இங்கிலீஷிலும் எழுத்து ஒத்துப்போய்விட்டது, சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது.

ஓசூர் ரோடு:
தமிழில் வெட்டுவதாக இருந்தால் புள்ளியை ஆழமாகக் கொத்தச் சொல்லுங்கள். எங்கள் அப்பா கல்லில் பெயின்ட் போனதும் ‘இளைபபாறறி’ ஆகிவிட்டது.

எலத்தகிரிப் பேரன்:
நன்றி ஐயா. சரி, ஆர்.ஐ.பி. இருக்கட்டும், மேலே தமிழ் வரி. பாட்டிக்கு இளைப்பு உண்டு, ராத்திரியெல்லாம் விசில் மாதிரி சத்தம் வரும். செபமாலை முடிந்து இதை அவர் சொல்லும்போது, ‘இளைப்பாற்றி’ ஏதோ இளைப்புக்கு மருந்து, சாமியிடம் கேட்கிறார் என்றுதான் சின்ன வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன்.