புதுப்பிப்பு: பீக்கன் தேங்காய் பை நடுவில் இறுகிவிட்டது

பீக்கன் என்ற கொட்டையும் தேங்காய்த் துருவலும் சேர்த்த முட்டைக் கலவையை மாவு அடியில் ஊற்றி ஓவனில் சுடும் இனிப்புதான் இந்தப் பை (pie). அதன் நடுப்பகுதி கூழாகவே நிற்கிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கைகொடுத்தது, நேரத்தைப் பார்க்காமல் வெப்பமானியை நம்பச் சொன்ன யோசனைதான். 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் வைத்து, நடுவில் 93 டிகிரி காட்டியதும் எடுத்தேன். அப்போதும் லேசாகத் தளும்பியது. முழுக்க ஆறிய பிறகுதான் முட்டைக் கலவை கெட்டியாகி, துண்டு சுத்தமாக வந்தது. தயவுசெய்து ஆறும்வரை கத்தி வைக்காதீர்கள்.

அடிமாவைத் தனியாக முன்பே சுட்டதால் அடி நமுத்துப் போகவில்லை.

எதிர்பாராதது: தேங்காய்த் துருவல் மேலே மிதந்து, பீக்கனுக்கு முன்பே சிவந்தது. பாதியில் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடினேன். நான் போட்டது இனிப்பில்லாத உலர் துருவல். அமெரிக்கத் தென்மாநிலச் சமையலில் புழங்கும் இனிப்பூட்டிய துருவல் என்றால் சர்க்கரையைக் குறையுங்கள்.