15 வயது பையனுக்கு முதுகெலும்பில் விரிசல், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

பையன் வலது கை வேகப்பந்து வீச்சாளன். மூன்று மாதமாக இடுப்பு வலி என்றான், நாங்கள் சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். எம்ஆர்ஐ எடுத்தால் எல்5 எலும்பின் (இடுப்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு) பின்பக்கம், இடதுபுறம், அழுத்த விரிசல் (ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், திரும்பத் திரும்ப விழும் பளுவால் வருவது). ஒரு டாக்டர் நான்கு மாதம் பந்தைத் தொடாமல் ஓய்வு, அப்புறம் பிசியோதெரபி போதும் என்கிறார்; இன்னொருவர் பெல்ட் போடச் சொல்கிறார், ஆறாவிட்டால் ஸ்க்ரூ வைக்க வேண்டிவரும் என்றும் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை.

பெல்ட் உண்மையிலேயே உதவியதா? எலும்பு கூடியதை ஸ்கேனில் பார்த்த பிறகுதான் பந்து வீச விட்டீர்களா? ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் 2011-இல் முதல் டெஸ்ட் ஆடி, முதுகுக் காயங்களையும் தாண்டி 2017-இல்தான் அடுத்ததை ஆடினார் என்று தேற்றுகிறேன், அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். அவனிடம் என்ன பேசுவது என்றும் சொல்லுங்கள்.