சிமுலேஷனில் நடக்கும் நாலுகால் ரோபோ, தரையில் விட்டால் விழுகிறது (அவசரம்)

கால்நடை_ஆய்வாளன்: வெள்ளிக்கிழமை கைடுக்கு டெமோ காட்டணும். நாலுகால் ரோபோ முதுகில் கை மாட்டியிருக்கிறோம். ஐசக் ஜிம் என்ற சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்த பாலிசி (மூட்டுகளுக்குக் கட்டளை தரும் நியூரல் நெட்வொர்க்) அங்கே சூப்பராக நடக்கிறது, டப்பாவைக்கூட எடுக்கிறது. நிஜத்தில் நாலு அடி வைப்பதற்குள் பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது. ரிவார்டை (பயிற்சியில் தரும் மதிப்பெண்) மாற்றியும் பார்த்தாச்சு. என்ன செய்ய?

சர்வோ_சாமி: கை எத்தனை கிலோ? பாலிசி எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை கட்டளை)? மோட்டாரின் கேபி, கேடி (விறைப்பு, தணிப்பு எண்கள்) எவ்வளவு? விழுவது கை நீட்டும்போதா, மடக்கியிருக்கும்போதா?

டார்க்_தமிழன்: சிமுலேட்டரில் இருக்கும் மோட்டார் மாடல் நிஜ மோட்டார் மாதிரி இல்லை, சந்தேகமே வேண்டாம். ஈ.டி.எச். சூரிக்கில் 2019இல் எனிமல் என்ற நாலுகால் ரோபோவுக்கு, நிஜ மோட்டாரில் தரவு எடுத்து ஒரு நியூரல் நெட்வொர்க் பழக்கி, அதை சிமுலேட்டருக்குள் வைத்தார்கள். நீங்களும் அதைச் செய்யுங்கள்.

பழைய_பெருசு: தம்பி, அடிப்படையைப் படித்துவிட்டு வாங்க. கால் ரோபோ முன்னோடி மார்க் ராய்பர்ட் 1980களிலேயே குதிக்கும் உயரம், வேகம், உடல் சாய்வு என்று மூன்றாகப் பிரித்து ஒற்றைக்கால் ரோபோவைக் குதிக்க வைத்தார். எம்.ஐ.டி.யின் நாலுகால் ரோபோ சீட்டா 3, 2018இல் எம்பிசியில் (அடுத்த சில நொடித்துளிகளைக் கணித்துக் கட்டுப்படுத்தும் முறை) ஓடியது. இதற்கெல்லாம் ஆர்எல் (ரிவார்டு கொடுத்துப் பழக்கும் முறை) எதற்கு?

டார்க்_தமிழன்: 2022இல் வெளியான ஆய்வில் எனிமல் சுவிட்சர்லாந்தின் எட்சல் மலை ஏறியதே, அது ஆர்எல்தான் ஐயா.

பழைய_பெருசு: முதுகில் கையோடவா ஏறியது?

கால்நடை_ஆய்வாளன்: கை 4 கிலோ சொச்சம். 50 ஹெர்ட்ஸ். மடக்கி வைத்தாலும் விழுகிறது.

சர்வோ_சாமி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மடக்கினாலும் விழுகிறது, அதுவும் பக்கவாட்டில் என்றால் கையின் எடையை அப்புறம் பார்க்கலாம். மூட்டு வரிசையைப் பாருங்க. ஐசக் ஜிம்மில் பொதுவாக முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று வரும். சில ரோபோக்களின் எஸ்டிகே (ரோபோவுக்குக் கட்டளை அனுப்ப கம்பெனி தரும் மென்பொருள்) முன் வலதில் தொடங்கும். அப்படியே அனுப்பினால் இடது காலுக்கான கட்டளை வலது காலுக்குப் போகும். நிற்கும்போது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே கோணம் என்பதால் தெரியாது, அடி எடுத்ததும் மாட்டிக்கொள்ளும். ரோபோவைக் கயிற்றில் தொங்கவிட்டு, 12 மூட்டையும் ஒவ்வொன்றாகக் கொஞ்சம் அசைத்துப் பாருங்க. சென்சாரிலிருந்து திரும்பி வரும் கோணங்களுக்கும் அதே வரிசை வேண்டும்.

முஜோகோ_முத்து: குவாட்டர்னியனையும் (உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் நாலு எண்கள்) பாருங்க. அதில் டபிள்யூ என்ற எண் ஐசக் ஜிம்மில் கடைசியில், முஜோகோ சிமுலேட்டரில் முதலில்.

பழைய_பெருசு: எம்பிசி எழுதுபவன் ஒவ்வொரு மூட்டையும் கையால் தொட்டே ஆகணும். இந்தத் தொல்லையே வராது.

டார்க்_தமிழன்: எம்பிசியிலும் வரிசை மாறினால் விழத்தான் செய்யும் ஐயா. மோட்டார் மாடலையும் ஒருமுறை பார்த்துவிடுங்க ப்ரோ.

கால்நடை_ஆய்வாளன்: வரிசைதான். மாற்றியதும் நடக்கிறது, நன்றி சாமி அண்ணா. கையை நீட்டினால் மட்டும் தள்ளாடுகிறது.

சர்வோ_சாமி: இப்போதுதான் கையின் எடை. பயிற்சியில் எடையையும் நீட்டும் கோணத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தீர்களா? காலுக்கும் கைக்கும் ஒரே பாலிசியா, தனித்தனியா? கார்னகி மெலனில் 2022இல் இரண்டையும் ஒரே பாலிசியில் பழக்கினார்கள், கை நீளும்போது உடம்பும் சேர்ந்து சாய்ந்து கொடுக்கும். வெள்ளிக்குள் அது நடக்காது. டெமோவில் டப்பாவைப் பக்கத்திலேயே வையுங்க.